செங்கோட்டைச் சமையலறையில் வெண்ணெய் பிஸ்கட்

100 கிராம் வெண்ணெய்க் கட்டி ஒன்று, 150 கிராம் மைதா, 50 கிராம் பொடித்த சீனி: வீட்டிலேயே ஏறக்குறைய முப்பது வெண்ணெய் பிஸ்கட் சுடுவதற்கு இவ்வளவுதான் வேண்டும். முட்டை, பேக்கிங் பவுடர், பால், தண்ணீர் எதுவும் தேவையில்லை. மூன்று பங்கு மாவு, இரண்டு பங்கு வெண்ணெய், ஒரு பங்கு சீனி என்னும் இந்தக் கணக்கில்தான் ஸ்காட்லாந்துக்காரர்கள் ஷார்ட்பிரெட் என்ற பிஸ்கட்டைச் சுடுகிறார்கள். நம் கடைகளில் வெண்ணெய் 100 கிராம் கட்டியாகவே கிடைப்பதால், புதிதாகச் சுடுபவர் வெண்ணெயை எடைபோட வேண்டிய வேலையும் மிச்சம். தராசு இல்லாதவர்கள், 200 மி.லி. பிடிக்கும் டம்ளரில் மைதாவை அழுத்தாமல் நிரப்பி ஒன்றரை டம்ளருக்குச் சற்றுக் குறைவாகவும், பொடித்த சீனியை அரை டம்ளரும் எடுத்துக்கொள்ளலாம். சீனியைப் பொடிக்காமல் அப்படியே போட்டால் அது முழுவதும் கரையாமல் பல்லில் நறநறக்கும் என்பதால், மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றிச் சலித்துக்கொள்வது நல்லது.

எங்கள் ஊரான செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்றுதான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. தேநீரோடு ஒரு 'கடி' வேண்டும் என்னும் மலையாளப் பழக்கம் மட்டும் எல்லையைத் தாண்டிப் போகவில்லை. அந்தக் கடியை ஏன் எப்போதும் பேக்கரியில் வாங்க வேண்டும் என்று தோன்றிய ஒரு நாளில்தான் நான் முதன்முதலாக மைதாவில் கை வைத்தேன். எழுதி வைத்திருந்த குறிப்பில் தண்ணீர் என்ற சொல்லே இல்லாததைக் கண்டு, எழுதியபோது விட்டுப்போயிருக்கும் என்று நானே முடிவுசெய்து, கால் டம்ளர் தண்ணீர் விட்டு, சப்பாத்தி மாவைப் பிசைவதுபோல் பத்து நிமிடம் அழுத்திப் பிசைந்தேன். அடுப்பிலிருந்து வந்தவை தேநீரில் ஊறப்போட்டாலும் இளகாத வில்லைகள். அடுத்த முறை, கேரளத்துப் புனலூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பக்கத்து வீட்டுச் சேச்சி அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மாவு ஒன்றுசேர்ந்தும் சேராமலும் இருந்த நிலையிலேயே, "மதி, மதி" என்று என் கையைப் பிடித்துவிட்டார். மலையாளத்தில் 'மதி' என்றால் போதும் என்று பொருள். பிஸ்கட் சுடுவதில் நான் கற்றவற்றுள் பெரும்பகுதி அந்த ஒரு சொல்லில் அடங்கிவிட்டது.

அவர் ஏன் கையைப் பிடித்தார் என்பதை எல்லையோரப் பரோட்டாக் கடைகளுக்குப் பேர்போன ஊரில் விளக்குவது எளிது. பரோட்டா மாஸ்டர் மைதாவில் தண்ணீர் விட்டு, பிசைந்து, அடித்து, ஊறவைத்து, வீசுகிறார். மைதாவில் உள்ள புரதம் தண்ணீரோடு சேர்ந்து, பிசையப் பிசைய, குளூட்டன் என்னும் இழுபடும் வலையாக மாறுவதால்தான் அந்த மாவு கிழியாமல் துணிபோல் விரிகிறது. பிஸ்கட்டுக்கு அந்த வலையே ஆகாது. இங்கே வெண்ணெய் முதலிலேயே மாவுத் துகள்களைச் சுற்றிப் பூசிக்கொண்டு, தண்ணீர் உள்ளே புகாமல் தடுக்க வேண்டும். அப்போதுதான் பிஸ்கட் வாயில் உதிரும். வெண்ணெயிலேயே ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நீர் உண்டு. மாவு சேர்ந்து நிற்க அந்த நீரே போதும்.

வீட்டில் தயிர் கடைந்து எடுத்த வெண்ணெயில் நீர் இன்னும் கூடுதலாகவே இருக்கும். அதைப் பயன்படுத்துவதானால், குளிர்ந்த நீரில் இரண்டு மூன்று முறை அலசி, மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டு, நீர் முழுவதும் வடிந்த பிறகே எடைபோட வேண்டும். புளிப்பு வாடை ஏறிய பழைய வெண்ணெயை உருக்கி நெய்யாக்கிக்கொள்வதே முறை. அந்த நெய்யிலும் பிஸ்கட் வரும். ஆனால் நெய்யில் நீர் இல்லை என்பதால் 100 கிராமுக்குப் பதில் 80 கிராம் போதுமானது, அதுவும் உருகிய நிலையில் இல்லாமல் உறைந்து மணல் மணலாக இருக்கும் நெய்யாக இருக்க வேண்டும். கடையில் வாங்கும் வெண்ணெய் பெரும்பாலும் உப்பிட்டது. அதற்கு மேலும் உப்பைச் சேர்க்க வேண்டியதில்லை. உப்பில்லாத வெண்ணெய் என்றால் கால் தேக்கரண்டிக்கும் குறைவாக ஒரு சிட்டிகை உப்பு கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் இனிப்பு மட்டும் தனித்துத் தெரியும்.

வெண்ணெய் எந்தப் பதத்தில் இருக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். வெளிநாட்டுச் செய்முறைகளில் 'அறை வெப்பநிலையில் உள்ள வெண்ணெய்' என்று எழுதியிருப்பார்கள். அவர்கள் அறையின் 20 டிகிரி வேறு, சித்திரை மாதத்தில் நம் சமையலறையின் 35 டிகிரி வேறு. நம் வெயிலில் ஒரு மணி நேரம் வெளியே கிடந்த வெண்ணெய் எண்ணெயாகியிருக்கும். எனவே கோடையில் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்துத் துண்டுகளாக நறுக்கிய பின் பத்து நிமிடமும், சாரல் காலத்தில் அரை மணி நேரமும் வெளியே வைத்தால் போதும். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும். விரலை எடுத்தால் எண்ணெய் மினுமினுப்பு ஒட்டக் கூடாது. முறுக்கு மாவில் நெய் கூடிவிட்டால் பிழிந்த முறுக்கு எண்ணெயில் கரைந்து போவதைப் பார்த்தவர்களுக்கு, இளகிய வெண்ணெயில் செய்த பிஸ்கட் தட்டில் பரந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது ஏன் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

பதமான வெண்ணெயை அகன்ற பாத்திரத்தில் இட்டு, பொடித்த சீனியைச் சேர்த்து, மரக்கரண்டியால் மூன்று நான்கு நிமிடம் ஒரே திசையில் குழைக்க வேண்டும். மஞ்சள் நிறம் மெல்ல வெளுத்து, கலவை கரண்டியில் இலேசாகத் தெரியும்போது நிறுத்திவிடலாம். கேக்குக்குச் செய்வதுபோல் நுரைக்க நுரைக்க அடித்தால் காற்று அதிகம் புகுந்து, பிஸ்கட் சூட்டில் உப்பிப் பிறகு அமுங்கிவிடும். வாசனைக்கு இரண்டு ஏலக்காயைப் பொடித்தோ கால் தேக்கரண்டி வெனிலா எசன்ஸ் விட்டோ, ஒன்றை மட்டும் சேர்க்கலாம். இனி சலித்த மைதாவை ஒரேயடியாகக் கொட்டி, கரண்டியை வைத்துவிட்டு, விரல் நுனிகளால் கலக்க வேண்டும்.

முதலில் மாவு பொலபொலவென்று, புட்டுக்கு விரவிய மாவைப் போலத்தான் இருக்கும். பெரும்பாலோர் பதறுவதும், தண்ணீரைத் தேடுவதும் இந்த இடத்தில்தான். புட்டு மாவைச் சோதிக்கும் அதே சோதனையை இங்கும் செய்யலாம்: ஒரு பிடி எடுத்து இறுக்கினால் கொழுக்கட்டைபோல் பிடிபட வேண்டும், விரலால் நெருடினால் உதிர வேண்டும். அந்தப் பதம் வந்துவிட்டது என்றால் எல்லாவற்றையும் உள்ளங்கைகளால் ஒன்றாக அணைத்து உருட்டினால் போதும், பிசையவே கூடாது. கையில் பிடிபடவே இல்லை என்றால் மட்டும் குளிர்ந்த பால் ஒரு தேக்கரண்டி தெளிக்கலாம்.

திரட்டிய மாவை நான்கு சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளையாக உருட்டி, தாளில் சுற்றி, குளிர்பதனப் பெட்டியில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். இதைத் தவிர்க்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நம் ஊர் வெப்பத்தில் தவிர்க்க முடியாது என்பதே என் அனுபவம். வெண்ணெய் மறுபடி இறுகிய பிறகுதான் கத்தி வைத்தால் விளிம்பு சிதையாமல் வெட்ட வரும். அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான கனத்தில் வட்டங்களாக நறுக்கி, முள்கரண்டியால் மேலே இரண்டு முறை குத்தி, பட்டர் பேப்பர் விரித்த தட்டில் விரற்கடை இடைவெளி விட்டு அடுக்கலாம். எல்லாம் ஒரே கனத்தில் இருப்பது முக்கியம்; ஒன்று மெலிந்தும் ஒன்று தடித்தும் இருந்தால் மெலிந்தது கருகும்போது தடித்தது நடுவில் பச்சையாக நிற்கும்.

ஓ.டி.ஜி. என்னும் சிறிய மின் ஓவன் வைத்திருப்பவர்கள், மாவு குளிரும் நேரத்திலேயே மேல் கம்பி, கீழ் கம்பி இரண்டையும் இயக்கி, 160 டிகிரி செல்சியஸில் பதினைந்து நிமிடம் சூடேற்றிவிட வேண்டும். தட்டை நடு அடுக்கில் வைத்து 18 முதல் 22 நிமிடம் வரை சுடலாம். சிறிய ஓ.டி.ஜி.க்களில் பெரும்பாலும் பின்பக்கம் சூடு அதிகம் என்பதால், பன்னிரண்டாம் நிமிடம் வாக்கில் தட்டை ஒருமுறை முன்பின்னாகத் திருப்பி வைப்பது பயன்தரும். அடிப்பக்கம் மட்டும் கருகுகிறது என்றால் தட்டின் கீழே இன்னொரு தட்டை வைத்துப் பாருங்கள். மைக்ரோவேவ் அடுப்பில் கன்வெக்ஷன் வசதி இருந்தால் மட்டுமே இது நடக்கும். சாதாரண மைக்ரோவேவில் பிஸ்கட் வேகுமே தவிர மொறுமொறுப்பாகாது. காற்று வீசும் மாதங்களில் சுடும் பாதியில் மின்சாரம் போவதும் உண்டு. அப்போது கதவைத் திறக்காமல் இருந்தால் உள்ளிருக்கும் சூடே ஐந்தாறு நிமிடம் தாங்கும்.

ஓவன் இல்லாத வீட்டில், அடிகனமான பழைய பாத்திரமோ, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்ட பழைய குக்கரோ போதும். அடியில் ஒன்றரை டம்ளர் கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் சிறு வளையத்தை வைத்து, மூடி, நடுத்தரத் தீயில் பத்து நிமிடம் காயவிட வேண்டும். உப்பு சூட்டை ஒரே சீராகப் பரப்புகிறது. பின்பு ஆறேழு பிஸ்கட் மட்டும் அடுக்கிய சிறு தட்டை வளையத்தின்மேல் வைத்து, தீயை மிகக் குறைத்து, 20 முதல் 25 நிமிடம் விடலாம். மேலிருந்து சூடு இல்லாததால் மேற்பரப்பு வெளிறியே இருக்கும். அதைச் சிவக்கவைக்கும் ஆசையில் நேரத்தை நீட்டினால் அடி தீய்ந்துவிடும். புது குக்கரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம், வெறும் சூட்டில் அது பாழாகும். அந்த உப்பு சமையலுக்கு உதவாது, ஆனால் அடுத்த முறை சுடுவதற்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

வெந்துவிட்டதா என்பதைக் கடிகாரத்தைவிட விளிம்பே சரியாகச் சொல்லும். ஓரம் மட்டும் பொன்னிறமாகி, நடுப்பகுதி இன்னும் வெளிறியிருக்கும்போதே தட்டை வெளியே எடுத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் தொட்டால் மெத்தென்று அமுங்கும், வேகவில்லை என்றே தோன்றும். சூட்டில் வெண்ணெய் உருகிய நிலையில் இருப்பதால்தான் அந்த மென்மை. ஆறி, வெண்ணெயும் சீனியும் இறுகிய பிறகே மொறுமொறுப்பு வரும். தொட்டுப் பார்த்து ஏமாந்து, மறுபடி ஐந்து நிமிடம் உள்ளே வைத்து, கடைசியில் கசக்கும் பிஸ்கட்டைத் தின்றவர்களில் நானும் ஒருத்தி. தட்டிலேயே பத்து நிமிடம் அசைக்காமல் விட்டு, பின்பு கம்பி வலைக்கோ முறத்தில் விரித்த துணிக்கோ மாற்ற வேண்டும். சூட்டோடு எடுத்தால் கையிலேயே உடையும். நன்றாக வந்த பிஸ்கட்டை இரண்டாக ஒடித்தால் சின்னதாக ஒரு 'டக்' சத்தம் கேட்கும். ஒடித்த இடம் மெல்லிய மணல்போலத் தெரியும், இரண்டு மூன்று துகள் மடியில் விழும்.

ஆனி முதல் ஆவணி வரை ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் சாரல் காற்றில் அப்பளமே மடங்கும்போது பிஸ்கட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வெந்த பிஸ்கட்டில் நீர் மிகக் குறைவு என்பதால் காற்றிலுள்ள ஈரத்தை அது விரைவில் இழுத்து நமத்துப்போகும். முழுவதும் ஆறியதும், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் போட்டுவிட வேண்டும். கொஞ்சம் சூடு இருக்கும்போதே மூடினால் உள்ளேயே வியர்த்து நமக்கும். ஒரே பெரிய டப்பாவைவிட இரண்டு சிறிய டப்பாக்கள் நல்லது, திறக்கும்போதெல்லாம் எல்லாவற்றுக்கும் காற்று படாது. பத்து நாள் வரை சுவை மாறாது. நமத்துவிட்டவற்றை 150 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து ஆறவிட்டால் மொறுமொறுப்பு பெரும்பாலும் திரும்பிவிடும். இன்னும் மொறுமொறுப்பு வேண்டுவோர் முதலிலேயே 25 கிராம் மைதாவைக் குறைத்து அந்த அளவுக்கு இடியாப்ப மாவு சேர்க்கலாம்; அரிசியில் குளூட்டன் கிடையாது. கோதுமை மாவை மைதாவில் பாதி வரை மாற்றலாம், ஆனால் அது ஈரத்தைக் கூடுதலாக உறிஞ்சும் என்பதால் இரண்டு தேக்கரண்டி பால் தேவைப்படும். முழுக்கக் கோதுமை மாவிலேயே செய்து பார்த்தேன். அதை வெண்ணெய் பிஸ்கட் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு மடங்கு மாவு செய்து, ஓர் உருளையை அன்றே சுட்டுவிட்டு, மற்றதைக் காற்றுப் புகாமல் சுற்றி உறையறையில் ஒரு மாதம் வரை வைத்துக்கொள்ளலாம். வேண்டும்போது எடுத்து, கத்தி இறங்கும் அளவுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் வெளியே வைத்து நறுக்கி, வழக்கத்தைவிட இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாகச் சுட வேண்டும். புனலூரிலிருந்து சொந்தக்காரர்கள் கிளம்பிவிட்டதாகப் போன் வந்த பிறகு உருளையை வெளியே எடுத்தால்கூடப் போதும். அவர்கள் ஆரியங்காவைத் தாண்டி, புளியரை இறக்கம் இறங்கி, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது பிஸ்கட் ஆறியிருக்கும்.