பிள்ளைக்குக் காயம்பட்டால்: கேரளத்துக்குப் புதிதாக வந்த குடும்பங்களுக்கு

மூணாறு, பீர்மேடு எஸ்டேட்டுகளுக்கோ கஞ்சிக்கோடு கம்பெனிகளுக்கோ பிள்ளைகுட்டிகளோடு வந்திருப்பவர்கள், வாடகைச் சீட்டு, பள்ளி டி.சி. பற்றி விசாரிக்கும்போதே, பிள்ளைக்குக் காயம்பட்டால் அது விபத்தா, வேண்டுமென்றே செய்ததா என்று சட்டம் எப்படிப் பார்க்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சட்டம் தமிழ்நாட்டில் உள்ளதுதான். மொழிதான் வேறு, சிக்கல் தொடங்குவதும் மொழியில்தான்.

"பையனுக்கு அடிபட்டுடுச்சு" என்றால் விழுந்தோ மோதியோ காயம் என்று நமக்குப் புரியும். மலையாளத்தில் 'அடி கிட்டி' என்றால் யாரோ அடித்திருக்கிறார்கள். 'தள்ளி' என்பதில் ளகரம் தேய்ந்தால் 'தல்லி' ஆகிவிடும், அதற்கும் அடித்து என்றுதான் பொருள். கேஷுவாலிட்டியில் நீங்கள் சொல்லும் காரணம் பதிவாகும், சந்தேகம் எழுந்தால் போலீசுக்குத் தகவல் போகும். ஆகவே விழுந்திருந்தால் 'வீணு', சுட்டிருந்தால் 'பொள்ளி' என்று சொல்லுங்கள். எங்கே, எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரத்திலிருந்து என்பதையும் சொல்லி, எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பயந்துபோய்க் காரணத்தை மாற்றிச் சொல்வதுதான் பெரிய தவறு. டாக்டரிடம் ஒன்று, போலீசிடம் வேறொன்று என்றானால் உண்மையான விபத்தும் சந்தேகத்துக்கு இடமாகும்.

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த குற்றவியல் சட்டம்) காயத்தை மட்டும் பார்ப்பதில்லை, எந்த எண்ணத்தில் வந்த காயம் என்பதையும் பார்க்கும். கொதிக்கும் கஞ்சிப் பானையைக் குழந்தை எட்டி இழுத்துத் தொடை வெந்துபோனால், நீங்கள் உரிய கவனத்தோடு இருந்தவரை அது விபத்து. அதே தொடையில் கரண்டியைக் காய்ச்சி இழுத்தால் 118ஆம் பிரிவு, மூன்றாண்டு வரை சிறை. காயம் வரட்டும் என்று எண்ணியோ, வரும் என்று தெரிந்தோ அடித்தால் 115, ஓராண்டு வரை. எலும்பு முறிந்தாலோ பல் உடைந்தாலோ அது கொடுங்காயக் கணக்கில் போகும், தண்டனையும் கூடும்.

சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 75ஆம் பிரிவு இன்னும் விரிந்தது. பிள்ளை யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர், தேவையற்ற உடல், மன வேதனை தரும் விதத்தில் தாக்கினாலோ வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டாலோ, மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் அபராதம், அல்லது இரண்டும். லயத்து வீட்டை (எஸ்டேட் வரிசை வீட்டை) பூட்டிச் சின்னப் பிள்ளையை உள்ளே விட்டு வேலைக்குப் போவது இதில் சிக்கக்கூடும். கிரச்சில் (குழந்தைகள் காப்பகத்தில்) விடுங்கள்.

எண்ணத்தை வாய்வார்த்தையால் அளப்பதில்லை. எந்தப் பொருளால் அடி, உடம்பில் எங்கே, எத்தனை தடவை, பழைய தழும்பு உண்டா, ஆஸ்பத்திரிக்குத் தாமதமாக வந்தார்களா என்றுதான் பார்ப்பார்கள். ஓடியாடும் பிள்ளைக்கு முட்டியிலும் முழங்காலிலும் நெற்றியிலும் காயம் சகஜம். காதிலும் முதுகிலும் கன்றியிருந்தால் டாக்டர் கேள்வி கேட்கத்தான் செய்வார், கேட்கவும் வேண்டும்.

"அவன் நல்லதுக்குத்தான்" என்பது போதாது. சட்டத்தின் கண்ணில் நல்லெண்ணம் என்றால் உரிய கவனத்தோடும் எச்சரிக்கையோடும் செய்தது. மஞ்சள் காமாலைக்குச் சூடு போடுவதும், அடம்பிடித்தால் மிளகாய்ப் புகை காட்டுவதும் அந்த அளவில் நிற்காது. ஊர்வழக்கம் என்று அவற்றை இங்கே கொண்டுவராதீர்கள்.

பள்ளியில் உடல்தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடைசெய்கிறது. ஆசிரியர்கள் மீதான சில வழக்குகளை, கெட்ட எண்ணமில்லாத லேசான அடி என்று கண்டு, கேரள உயர்நீதிமன்றம் ரத்து செய்ததுண்டு. அதை அடிக்கலாம் என்ற அனுமதியாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

பாலியல் தொடுகை என்றால் கணக்கே வேறு. போக்சோவில் (பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டத்தில்) தவறான எண்ணம் இருந்ததாகவே நீதிமன்றம் கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது குற்றம்சாட்டப்பட்டவர் பொறுப்பு. தெரிந்தும் புகார் செய்யாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை.

பிள்ளைக்கு யாராவது கொடுமை செய்கிறார்கள் என்ற சந்தேகம் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். மலையாளம் வராவிட்டால் தமிழ் தெரிந்தவரைக் கேளுங்கள், அரைகுறை மலையாளத்தில் வாக்குமூலம் தராதீர்கள். இப்படிப்பட்ட வழக்கில் உள்ள பிள்ளையின் படத்தையோ பெயரையோ வாட்ஸ்ஆப்பில் போடாதீர்கள். அடையாளத்தை வெளியிடுவதே குற்றம்.