வாய்க்கால் கரையில் நிற்கும் பைக்கை எப்படிப் பூட்டுவது?

நடவு நாளில் பைக்கை வாய்க்கால் கரையில் விட்டுவிட்டு வயலில் இறங்கினால் மூன்று, நான்கு மணி நேரம் அந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. திருடுபவனுக்கு வேண்டியது அந்த நேரம்தான். சைடு லாக் என்பது ஹேண்டிலைத் திரும்பவிடாத ஒரு சின்ன ஆணி. ஓங்கி மிதித்தால் உடைந்துவிடும். அதைக் கட்டாயம் போடுங்கள், அதை மட்டும் நம்பாதீர்கள்.

முதல் செலவு செயினுக்கு. பிளாஸ்டிக் உறை போட்ட கம்பிப் பூட்டுக்குள் இருப்பது மெல்லிய இழைகள், சின்ன வெட்டுக்கருவியே போதும். 10 மி.மீ. தடிப்புள்ள, கடினப்படுத்திய எஃகுக் கண்ணி வாங்குங்கள். கண்ணி சதுரமாக இருந்தால் வெட்டுக்கருவியின் வாய் எளிதில் கவ்வாது. பின்சக்கரத்தையும் சேசிஸையும் சேர்த்து, கூடவே அசையாத ஒன்றோடும் பூட்ட வேண்டும். சக்கரத்தை மட்டும் பூட்டினால் இரண்டு பேர் வண்டியைத் தூக்கி மினி லாரியில் ஏற்றிவிடுவார்கள்.

வயல்பக்கம் போர்செட் கொட்டகையின் இரும்புத்தூண் நல்ல இடம். கிளுவை வேலிக்காலில் பூட்டுவது வீண், ஆட்டினால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். தென்னையைச் சுற்ற 2 மீட்டர் செயினாவது தேவை. மின்கம்பம் கூடவே கூடாது, மழைக்காலத்தில் மின்கசிவு உயிரை வாங்கும்.

செயின் தரையில் கிடக்கக் கூடாது. தரையில் வைத்துச் சுத்தியலால் அடித்தால் பூட்டு சீக்கிரம் விட்டுவிடும். இறுக்கமாகச் சுற்றி, சாவித்துளை கீழே பார்க்கும்படி தொங்கவிட்டால் மழைத்தண்ணீரும் உள்ளே இறங்காது. துளைக்குள் எண்ணெய் விட்டால் வயல் தூசி ஒட்டிச் சாவி சிக்கும், கிராஃபைட் தூள் போடுங்கள். நாகை, வேதாரண்யம் உப்புக்காற்றில் மாதம் ஒருமுறை பூட்டைத் திறந்து பார்ப்பது நல்லது.

டிஸ்க் பிரேக் வண்டிக்கு, பிரேக் டிஸ்கின் துளையில் மாட்டும் டிஸ்க் லாக்கும் சேர்க்கலாம். அதன் நினைவூட்டு வயரை ஹேண்டிலில் மாட்டுங்கள். பூட்டியதை மறந்து வண்டியை எடுத்தால், டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரே உடையும்.

பழைய கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் டேப்பை மூடிவிடுங்கள். கிளப்பிக்கொண்டு போனாலும், கார்புரேட்டரில் மிஞ்சிய பெட்ரோல் தீர்ந்ததும் நடுவழியில் நின்றுவிடும். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் டேப் கிடையாது. பெட்ரோல் பம்புக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்த மறைவான சுவிட்ச் வைக்கலாம். வாரண்டி பாதிக்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இணைப்பைச் சால்டர் வைத்து உறையிடச் சொல்லுங்கள். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பில் ஈரம் ஏறினால், நீங்கள் ஓட்டும்போதே வண்டி நின்றுபோகும்.

வேளாங்கண்ணித் திருவிழா (ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை), மயிலாடுதுறை கடைமுகம் (ஐப்பசிக் கடைசி நாள் காவிரி நீராடல்) போன்ற கூட்டத்தில், டோக்கன் கொடுக்கும் பைக் ஸ்டாண்டில் விட்டாலும் செயின் போடுங்கள். டோக்கனை டேங்க் கவரில் செருகிவிட்டுப் போகாதீர்கள், அதைக் காட்டியே வண்டியை எடுத்துப் போய்விடலாம். அசல் ஆர்.சி.யும் வீட்டிலேயே இருக்கட்டும், டிஜிலாக்கரில் இருப்பது போதும். இன்ஜின் எண், சேசிஸ் எண் இரண்டையும் படமெடுத்து வையுங்கள், புகார் எழுதும்போது கேட்பார்கள்.

வண்டி திருட்டுப் போய்விட்டால் உடனே அவசர எண் 112, பிறகு காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர்., அன்றைக்கே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல். தேர்டு பார்ட்டி காப்பீடு மட்டும் இருந்தால் திருட்டுக்குப் பணம் வராது. முழுக் காப்பீடு இருந்தாலும் இரண்டு சாவிகளையும் கேட்பார்கள். ஒன்று ஏற்கெனவே தொலைந்திருந்தால் இப்போதே பூட்டுத்தொகுப்பை மாற்றி, அந்த பில்லைப் பத்திரமாக வையுங்கள்.