வத்தாளைக்கு உரம்: கொடிக்குப் போகாமல் கிழங்குக்குப் போக

உருளைக்கிழங்குக்கு நுவரெலியா, வெலிமடைக் குளிர் வேண்டும். நிலாவெளி மணலுக்கு ஏற்றது வத்தாளை என்கிற சர்க்கரைவள்ளிக்கிழங்குதான். முதல் தடவை நான் வைத்தபோது கொடி வரம்பையே மூடிப் படர்ந்தது. தோண்டினால் எலிவால் மாதிரி வேர்கள்தான். பிழை உரத்தில் இருந்தது. அடுத்த போகத்தில் திருத்திச் செய்தேன், கிழங்கு விழுந்தது. செய்த முறை இதுதான்.

1. மண்ணைப் பாருங்கள்
ஈர மண்ணைக் கையில் பிடித்து உருட்டுங்கள். உருண்டை நிற்காமல் உதிர்ந்தால் மணல். மணலில் உரம் தங்காது, மாரி மழை கரைத்துக் கீழே கொண்டுபோய்விடும். முடிந்தால் மண் பரிசோதனையும் செய்யுங்கள். மண்ணின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பீ.எச். 5.5 முதல் 6.5 வரை இருந்தால் நல்லது.

2. அடியுரம்
நடுவதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே நன்றாக மக்கிய மாட்டெருவையும் பொசுபரசு உரமான ரி.எஸ்.பியையும் கலந்து வரம்பு கட்டுங்கள். பச்சை எரு வேண்டாம். நுனிக்கொடியை ஓரடி நீளத்துக்கு வெட்டி நடுங்கள்.

3. யூரியாவும் பொட்டாசும்
நான் சறுக்கிய இடம் இது. இலை கொஞ்சம் நிறம் மாறியதும் பயந்து யூரியாவை இரண்டு தரம் அள்ளிப் போட்டேன். யூரியாவில் 46 வீதம் தழைச்சத்து (நைதரசன்). அது மிஞ்சினால் செடி மேலே தழைப்பதிலேயே நிற்கும். எந்த வேர் கிழங்காகப் பருக்கும் என்பது பெரும்பாலும் முதல் ஒன்றரை மாதத்துக்குள் முடிவாகிவிடும். இலையில் உண்டாகும் சீனியைக் கிழங்குக்கு இறக்குவதில் பொட்டாசுக்குப் பெரிய பங்கு. பொட்டாசு உரமான எம்.ஓ.பியில் அது 60 வீதம் இருக்கிறது.

அதனால் இப்போது யூரியாவையும் எம்.ஓ.பியையும் இரண்டாகப் பிரித்து, நடும்போது பாதி, ஐந்தாம் கிழமை மீதி என்று போடுகிறேன். அதற்குப் பிறகு யூரியா தொடுவதே இல்லை. போடுமுன் அடி இலையைப் பாருங்கள். முழு இலையும் ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்துக் குறைவு. ஓரம் மட்டும் மஞ்சளாகிக் கருகினால் பொட்டாசுக் குறைவு. நான் அன்று பார்த்தது ஓரக் கருகல். அதற்குப் போய் யூரியா போட்டிருக்கிறேன்!

அளவை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். கைப்பிடிக் கணக்கை மட்டும் விட்டுவிடுங்கள். ஒருவர் கைப்பிடி இன்னொருவருடையது போல் இராது. சமையலறைத் தராசு ஒன்று போதும், என்னைக் கேட்டால் புது மண்வெட்டிக்கு முன் வாங்க வேண்டியது அதுதான்.

4. கொடி புரட்டல்
படர்ந்த கொடியைத் தூக்கினால் கணுவுக்குக் கணு வெள்ளை வேர் மணலைப் பிடித்திருக்கும். மெல்ல இழுத்து விடுங்கள், அறுத்துவிட வேண்டாம். வரம்பில் வெடிப்புக் கண்டால் உடனே மண் அணையுங்கள். கிழங்கு வண்டு அந்த வழியாகத்தான் உள்ளே போகும்.

பிறகு சேர்த்தது
அடுப்புச் சாம்பல் போடலாமா என்று பலர் கேட்டீர்கள். போடலாம், அதில் பொட்டாசு இருக்கிறது. ஆனால் யூரியாவோடு கலக்காதீர்கள், தழைச்சத்து ஆவியாகப் போய்விடும். நான் இரண்டுக்கும் இடையில் இரண்டு கிழமை விடுகிறேன். மண்ணில் ஏற்கெனவே காரம் கூட என்றால் சாம்பல் வேண்டாம்.

தம்பலகாமத்தில் வயல் மண்ணில் வைத்த ஒருவருக்குக் கிழங்கு அழுகியது. அப்படியான களிமண்ணில் உரம் தங்கும், தண்ணீரும் தங்கும். அங்கே வரம்பை இன்னும் உயர்த்தி, சாலில் தண்ணீர் வடிய வழி வெட்டிவிட்டுத்தான் கொடி நட வேண்டும்.