வேலையை விட்டு நிறுத்தினால் செய்யக் கூடாத தவறுகள்

சேலத்தில் தொழிலாளர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். தறிப்பட்டறையோ, சேகோ (ஜவ்வரிசி) ஆலையோ, ஏற்காடு காப்பித் தோட்டமோ, புதிதாக வருகிறவர்கள் அதே பழைய தவறுகளோடுதான் வருகிறார்கள். கோபத்தில் கை நீட்டாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

"நாளையிலிருந்து வராதே" என்றதும் வீட்டில் உட்காருவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. அம்மாப்பேட்டையில் தறி ஓட்டிய அண்ணன் ஒருவருக்கும் மேஸ்திரிக்கும் வாய்த்தகராறு. "இனிமேல் வராதே" என்றார்கள். தீபாவளி போனஸ் சமயத்தில் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார். பொங்கலும் போனது. தொழிலாளர் துறையின் சமரசப் பேச்சில் ஓனர் அலட்டிக்கொள்ளாமல் சொன்னார்: "நாங்க எங்கே சார் நிறுத்தினோம்? அவராத்தான் நின்னுட்டார்." மறுக்க இவரிடம் ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை. சாட்சிக்குப் பக்கத்துத் தறிக்காரர்கள்தான் உண்டு. அவர்களோ அதே ஓனரிடம் முன்பணம் வாங்கியவர்கள். வருவார்களா?

மறுநாள் அதே ஷிப்டுக்குப் போய் நில்லுங்கள். தடுத்தால் அன்றைக்கே கடிதம்: இன்ன தேதியில் வந்தேன், இன்னார் உள்ளே விடவில்லை, வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். மூன்று வரி போதும். பதிவுத் தபால் 2025இல் ஸ்பீடு போஸ்டோடு இணைந்துவிட்டது. கவுன்டரில் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள். ரசீதும் நகலும் பத்திரம். வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

பதில் வராவிட்டால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டப்படி வேலைநீக்க வழக்குக்கு 3 ஆண்டு அவகாசம் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பில், தகராறு எழுந்து 2 ஆண்டு தாண்டினால் சமரசப் பேச்சே நடத்த முடியாது. டீக்கடையில் இன்னும் பழைய கணக்குதான் சொல்வார்கள்.

ஓனர் அனுப்பிய தபாலைத் திருப்பி அனுப்புவது

வாங்க மறுத்தாலும் வந்து சேர்ந்ததாகவே கொள்வார்கள்.

உள்விசாரணையைப் புறக்கணிப்பது

உங்கள் மீதான புகாரை நிர்வாகமே விசாரிப்பதுதான் உள்விசாரணை. "முடிவு பண்ணிவிட்டுத்தானே கூப்பிடுகிறார்கள்" என்பார்கள். இருக்கலாம். ஆனாலும் போங்கள், அவர்கள் சாட்சியைக் குறுக்குக் கேள்வி கேளுங்கள். போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாக முடித்துவிடுவார்கள். பிறகு நீதிமன்றத்தில் அந்தக் காகிதங்கள்தான் பேசும்.

வெற்றுத்தாளில் கையெழுத்து

போடாதீர்கள். முன்பணத்துக்கு என்றாலும் சரி.

தனியாகப் பேசி முடிப்பது

ஆபீஸ் அறையில் போட்ட ஒப்பந்தம் அதில் சம்பந்தப்பட்ட தரப்பினரை மட்டும்தான் கட்டுப்படுத்தும். சமரச அலுவலர் முன் போட்டால் அங்குள்ள எல்லாத் தொழிலாளரையும், பின்னால் சேர்கிறவரையும் கட்டுப்படுத்தும். கூலி உயர்வு பேசும்போது இதைக் கேட்டு வாங்குங்கள்.