ப்ரீஃபேப் வீட்டுக்குக் கணக்கு போடுவது எப்படி?

ப்ரீஃபேப் வீடு, அதாவது பாகங்களைத் தொழிற்சாலையில் செய்து மனைக்குக் கொண்டுவந்து நிறுத்தும் வீடு, பற்றி விசாரித்தால் முதலில் கைக்கு வருவது சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு விலைதான். அதை அப்படியே எடுத்து, செங்கல் வைத்துக் கட்டும் வீட்டின் விலையோடு ஒப்பிட்டு விடாதீர்கள். பெரும்பாலும் அது தொழிற்சாலை வாசலில் நிற்கும் வீட்டின் விலை. நீங்கள் குடிபோகிற அன்று மொத்தம் எவ்வளவு ஆகியிருக்கும் என்பதுதான் உங்களுக்கு வேண்டிய கணக்கு.

அதனால் கொட்டேஷனைக் கையில் வைத்துக்கொண்டு மண் பரிசோதனை, அஸ்திவாரம், லாரி, கிரேன், மின் இணைப்பு, தண்ணீர், கழிவுநீர்த் தொட்டி, கட்டட அனுமதி, வரி என்று ஒவ்வொன்றாக "இது விலையில் சேர்த்தியா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது.

முழு அறையாகவே வந்து இறங்கும் மாட்யூல் வகை என்றால், பெரிய சாலையிலிருந்து உங்கள் மனை வரை ஒருமுறை நடந்து பாருங்கள். நீள லாரி அந்தக் கடைசி முனையில் திரும்புமா, தெருவின் குறுக்கே மின்கம்பி தாழ்வாகப் போகிறதா, கிரேன் கால் ஊன்றி நிற்க இடம் இருக்கிறதா? இவற்றில் ஒன்று இடித்தாலும், சுவரும் கூரையும் தனித்தனிப் பலகைகளாக, பேனல் பேனலாக வந்து மனையிலேயே பூட்டுகிற வகைதான் தோது. லாரிச் செலவு குறையும், மனையில் வேலை நாட்கள் கூடும்.

சின்ன வீடு என்றால் சதுர அடி விலை கூடத்தான் செய்யும், அதைப் பார்த்து மிரள வேண்டாம். எந்த வீட்டிலும் அதிகம் செலவு வைப்பது சமையலறையும் குளியலறையும். படுக்கையறையைக் குறைத்தாலும் அவை இரண்டும் குறைவதில்லை.

உண்மையான மிச்சம் நாட்களில்தான் இருக்கிறது. மனையில் அஸ்திவாரம் இறுகிக்கொண்டிருக்கும்போதே தொழிற்சாலையில் சுவர் தயாராகிவிடும், ஆகவே மிச்சமாகும் மாதங்களின் வாடகையையும் கடன் வட்டியையும் லாபப் பக்கம் எழுதலாம். ஆனால் அனுமதி கைக்கு வருவதற்கு முன் ஆர்டர் கொடுத்துவிட்டால் வீடு தயாராகி அங்கேயே கிடக்கும், அதற்கும் உங்களிடம் வாடகை கேட்கலாம்.

பணம் கொடுப்பதில்தான் கூடுதல் கவனம் வேண்டும். மனையில் எழும்பிய அளவைப் பார்த்துத் தவணை தவணையாகக் கடனை விடுவிப்பது வங்கிகளின் வழக்கம், ப்ரீஃபேப்பிலோ மனை காலியாக இருக்கும்போதே பெரும் தொகையைக் கேட்பார்கள், இந்த இடைவெளியை யார் நிரப்புவது என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே வங்கியோடு பேசி முடித்துவிட வேண்டும். அட்வான்ஸுக்கு வங்கி உத்தரவாதம், அதாவது நிறுவனம் வீட்டைத் தராவிட்டால் அந்தப் பணத்தை அதன் வங்கி தரும் என்ற உறுதி, கேட்கத் தயங்காதீர்கள். பெரும் முதலீடு குவிந்த கட்டேரா என்ற அமெரிக்க ப்ரீஃபேப் நிறுவனமே 2021-இல் திவால் மனு கொடுத்தது.

அப்புறம், மதிப்பு. ப்ரீஃபேப் என்றாலே சீக்கிரம் உளுத்துப்போகும் என்பதை நான் ஏற்க மாட்டேன். இரண்டாம் உலகப் போரை ஒட்டி பிரிட்டனில் தற்காலிகம் என்று சொல்லி ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ப்ரீஃபேப் வீடுகளைப் போட்டார்கள். அவற்றில் சிலவற்றில் அறுபது வருடம் கழித்தும் ஆட்கள் குடியிருந்தார்கள். விற்கும்போது விலையைத் தாங்கிப் பிடிப்பது பெரும்பாலும் நிலம். மனை உங்களுடையது, வீடு அதன் மேல் நிலையான அஸ்திவாரத்தில் நிற்கிறது, பத்திரத்திலும் அப்படியே இருக்கிறது என்றால் கவலை குறைவு. வாடகை மனையில் வைத்தால், வாடகை ஏறும்போது வீட்டைப் பெயர்த்துக்கொண்டு போவது அத்தனை சுலபமில்லை. அமெரிக்காவில் இப்படி மாட்டிக்கொண்டு தவிக்கிற குடும்பங்கள் நிறைய. நிலத்தோடு சேராத வீட்டை அசையும் சொத்தாகக் கருதினால் வட்டியும் கூடும், கடன் காலமும் சுருங்கும்.

கடைசியாக, மாதிரி வீட்டைப் பார்த்துக் கையெழுத்து போட வேண்டாம். அதே நிறுவனம் போட்டு இரண்டு மழைக்காலமாவது கண்ட வீட்டுக்குள் போய், பேனல்கள் சேருகிற கூரை மூலையையும் ஜன்னலின் அடிப்பக்கத்தையும் விரலால் தடவிப் பாருங்கள்; ஈரக் கறை, உப்பிய பெயிண்ட், இடுக்கை அடைக்கப் புதிதாகப் பூசிய சீலன்ட் இருந்தால் கசிவா என்று கேளுங்கள். பேனலுக்குள் நிரப்பியிருப்பது தீயைத் தாங்குமா என்பதற்குச் சான்றிதழ் வாங்குங்கள். ஹீட்டர், கனமான அலமாரி எந்தச் சுவரில் வரும் என்பதை உற்பத்திக்கு முன்பே வரைபடத்தில் குறித்துக் கொடுங்கள். அந்த இடத்தில் கனத்தைத் தாங்க உள்ளே ஒரு பட்டை வைத்துச் செய்வது தொழிற்சாலையில் சின்ன வேலை, வீடு வந்து நின்ற பிறகு சுவரைத் திறக்க வேண்டியிருக்கும்.