நாவல் தொடராகும்போது எதிர்வினை எழுதுவது எப்படி: ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ ரசிகர்களை முன்வைத்து

ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் மிகைபுனைவு நாவல் வரிசையைத் தழுவி அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான எச்பிஓ தயாரித்த ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’, 2011 ஏப்ரலில் தொடங்கி 2019 மே மாதத்தில் 73 எபிசோடுகளோடு நிறைவடைந்தது. அந்த எட்டு ஆண்டுகளில் ரசிகர்கள் எழுதிக் குவித்தவற்றுள் இன்று எடுத்துப் படித்தாலும் எதையாவது கற்றுத்தருபவை சில உண்டு. எழுதிய வாரத்தோடு உயிர் போனவை ஏராளம். இந்த வேறுபாட்டுக்குக் காரணம், எழுதியவர் எதனோடு ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்கிறோம் என்பதை அறிந்திருந்தாரா என்பதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நாவலோடு ஒப்பிடலாம், தொடர் தானே முன்பு காட்டியவற்றோடு ஒப்பிடலாம், நம் மனத்தில் நாமே வளர்த்துக்கொண்ட எதிர்பார்ப்போடும் ஒப்பிடலாம். மூன்றுக்கும் இடமுண்டு, ஆனால் எந்த அளவுகோலைக் கையில் எடுத்திருக்கிறோம் என்பதைச் சொல்லாமல் எழுதும்போது கோபம் மட்டுமே வாசகருக்குப் போய்ச்சேர்கிறது. நாவலைப் படித்துவிட்டுத் தொடரைப் பார்த்து எழுத விரும்புவோருக்கான வழிமுறை இது. கதையின் பெரிய திருப்பங்கள் பலவற்றை எடுத்துக்காட்டுகளாகப் பேசவேண்டியிருப்பதால், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

யாருக்காக எழுதுகிறீர்கள் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். தழுவல் தொடருக்கு எப்போதும் இரண்டு வகைப் பார்வையாளர்கள் உண்டு: அடுத்து என்ன நடக்கும் என்று அறிந்தவர்கள், அறியாதவர்கள். இளம் அரசன் ராப் ஸ்டார்க்கும் அவன் தாய் கேட்லினும் விருந்து மண்டபத்தில் கொல்லப்படும் ‘சிவப்புத் திருமணம்’ 2000இல் வெளிவந்த மூன்றாவது நாவலில் உள்ளது; தொடரில் அது 2013 ஜூன் 2 அன்றுதான் வந்தது. இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகள் வாசகர்கள் காத்த மௌனத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். அந்த எபிசோடு ஒளிபரப்பானபோது, ஒன்றும் அறியாத நண்பர்களும் குடும்பத்தினரும் அதிர்ந்து உறைவதைப் பலர் படம்பிடித்து வெளியிட்டார்கள். ரசிகர்களின் அதிர்ச்சியே தனியாகப் பார்க்கப்படும் காட்சியாக மாறிய தருணங்களில் அது முக்கியமானது. ஏவி கிளப் போன்ற இதழ்கள் ஒவ்வொரு எபிசோடுக்கும் நாவல் படித்தவர்களுக்கு ஒன்று, படிக்காதவர்களுக்கு ஒன்று என இரண்டு விமர்சனங்களை வெளியிட்டன. தனிமனிதராக எழுதும் நாமும் அந்தப் பிரிவைக் கடைப்பிடிக்கலாம். தலைப்பிலும் முதல் பத்தியிலும் இறந்தவர் பெயரோ, அவரது படமோ இருக்கக்கூடாது. “ஒன்பதாவது எபிசோடு வரை பொறுத்திருங்கள்” என்று சொல்வதும் ஸ்பாய்லர்தான், ஏனெனில் எதையோ எதிர்பார்க்கும் மனநிலையோடு ஒருவரை உட்காரவைத்துவிட்டால், அதிர்ச்சியின் பாதியை அங்கேயே பறித்துவிடுகிறோம். அமெரிக்காவில் ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு ஒளிபரப்பானது இந்தியாவில் திங்கள் காலை ஆறரை. வேலைக்குப் போய்த் திரும்பிய பிறகே பார்க்கக்கூடியவர்கள்தான் இங்கே பெரும்பான்மை என்பதை நினைவில் வைத்து, அன்று பகலில் வாயைக் கட்டுவது அடிப்படை மரியாதை.

பார்த்து முடித்ததும், பிறர் எழுதியதைப் படிப்பதற்கு முன்பே, உங்கள் முதல் உணர்வைச் சில வரிகளில் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் உடனே வெளியிடாதீர்கள். எந்தக் காட்சியில் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள், எந்த உரையாடலில் கவனம் சிதறியது, எங்கே நாவலின் வரி மனத்தில் குறுக்கிட்டது என்பவற்றை எழுதினால் போதும். மற்றவர்களின் கருத்து வந்து கலந்த பிறகு, எது நம்முடையது என்று பிரித்தெடுப்பது ஏறத்தாழ இயலாத காரியம். அடுத்த நாள் மீண்டும் ஒருமுறை பாருங்கள். இரண்டாம் முறை பார்க்கும்போது சில புகார்கள் தாமாகவே விழுந்துவிடும், சில வலுவாகும்.

காட்சியின் தரம் பற்றிய புகாராக இருந்தால், கதையைப் பற்றிய புகாரிலிருந்து அதைப் பிரித்துவிடுங்கள். 2019 ஏப்ரல் 28 அன்று வந்த ‘நீண்ட இரவு’ எபிசோடில் எதுவுமே தெரியவில்லை, எல்லாம் இருட்டு என்று உலகெங்கும் ரசிகர்கள் குமுறினார்கள். ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர், குறை படப்பிடிப்பில் இல்லை, மக்கள் பார்க்கும் சூழலிலும் திரை அமைப்பிலும் இருக்கிறது என்று பதிலளித்தார். அவர் சொன்னதில் உண்மை உண்டு: பகல் வெளிச்சம் விழும் அறையில், இணையத்தில் சுருக்கி அனுப்பப்பட்ட படத்தில், கருமையின் நுண்ணிய வேறுபாடுகள் கட்டம் கட்டமாகச் சிதைந்துபோகின்றன. ஆகவே திரையின் வெளிச்ச அளவையும் இணைப்பின் தரத்தையும் சரிபார்த்து, இருட்டறையில் ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுவது நியாயம். அதே வேளையில், வீடுகளில் பார்க்கப்படும் என்று தெரிந்தே எடுக்கப்பட்ட தொடர் அந்த வீடுகளின் நிலையைக் கணக்கில் கொள்ளவேண்டும் என்ற ரசிகரின் வாதமும் நியாயமானதே. சரிபார்த்த பிறகும் அது நிற்குமானால் தயங்காமல் எழுதலாம்.

நாவலோடு ஒப்பிடும் பகுதிக்குத்தான் அதிக உழைப்பு தேவை. நினைவை நம்பாமல் உரிய அத்தியாயத்தை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். மாற்றம் எவ்வகையானது என்று பாருங்கள்: விட்டுவிட்டார்களா, இருவரை ஒருவராக்கினார்களா, ஒருவருக்கு நேர்ந்ததை இன்னொருவருக்கு மாற்றினார்களா, இல்லாததைப் புதிதாகச் சேர்த்தார்களா? அடுத்து, ஊடகம் அந்த மாற்றத்தைக் கட்டாயமாக்கியதா என்று கேளுங்கள். மார்ட்டினின் நாவல்களில் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரே ஒரு கதைமாந்தரின் கண் வழியே நகர்கிறது. ராப் ஸ்டார்க்குக்கு அப்படி ஓர் அத்தியாயம்கூட இல்லை. அவன் ஜேன் வெஸ்டர்லிங்கை மணந்துகொண்ட செய்தி தாய் கேட்லினுக்குத் தெரியும்போதுதான் நமக்கும் தெரிகிறது. முன்னணி நடிகர் ஒருவர் இருக்கையில் தொடரால் அவரைத் திரைக்குப் பின்னாலேயே வைத்திருக்க முடியாது. எனவே காதல் திரையிலேயே நிகழவேண்டியதாயிற்று, ஜேனின் இடத்தில் தலீசா என்ற புதிய பாத்திரம் உருவாயிற்று. நாவலில் ஜேன் அந்த விருந்துக்கே போகவில்லை. தொடரில் கருவுற்றிருக்கும் தலீசா அங்கேயே குத்திக் கொல்லப்படுகிறாள். முதல் மாற்றம் ஊடகத்தின் தேவை, இரண்டாவது படைப்பாளிகளின் தெரிவு. இரண்டையும் ஒரே குற்றச்சாட்டாகக் கட்டி எறிபவரின் வாதம் பாதி வழியிலேயே சரிந்துவிடுகிறது.

மாற்றம் என்றாலே இழப்பு என்ற எண்ணத்தையும் கைவிடவேண்டும். இரண்டாவது சீசனில் ராப்பின் தங்கை ஆர்யா ஹாரன்ஹால் கோட்டையில் டைவின் லானிஸ்டருக்குப் பானம் ஊற்றும் பணிப்பெண்ணாக இருப்பது நாவலில் இல்லை; அங்கே அவள் அந்தப் பணியைச் செய்வது ரூஸ் போல்ட்டனுக்கு. ஆனால், தன் குடும்பத்தை அழிக்கத் திட்டமிடும் மனிதரின் அருகில் நின்று அவரது கூர்மையை ஒரு சிறுமி வியப்போடு அளக்கும் அந்தக் காட்சிகளை நாவல் வாசகர்களும் கொண்டாடினார்கள், அது தகுதியான கொண்டாட்டம். உங்களுக்குப் பிடித்த மாற்றங்களையும் பதிவுசெய்யுங்கள். அதன் பிறகு நீங்கள் சொல்லும் மறுப்புக்கு எடை கூடும்.

மறுப்புச் சொல்லும்போது, மாற்றத்தின் விளைவு கதைக்குள் எங்கே போய் முட்டுகிறது என்பதைத் தொடர்ந்து சென்று காட்டுங்கள். டிரியன் தன் தந்தை டைவினைக் கொல்லும் நிகழ்வை எடுத்துக்கொள்வோம். நாவலில், சிறையிலிருந்து விடுவிக்கும் தருணத்தில் அண்ணன் ஜேமி பழைய பொய் ஒன்றை ஒப்புக்கொள்கிறான்: டிரியன் இளமையில் மணந்த டைஷா விலைக்கு வந்தவள் அல்லள், உண்மையாகவே அவனை விரும்பியவள். அந்த உண்மைதான் அண்ணன் தம்பி உறவை முறிக்கிறது, டிரியனைத் தந்தையின் அறைக்கு ஏறிப்போகச் செய்கிறது. தொடரில் சகோதரர்கள் அன்போடு பிரிகிறார்கள். டைஷாவின் பெயர் அந்தக் காட்சியில் வருவதில்லை. இதைப் பற்றி எழுதும்போது “நாவலில் இருந்ததை எடுத்துவிட்டார்கள்” என்பதோடு நின்றால் அது முறையீடு மட்டுமே. டைஷாவின் கதையை முதல் சீசனில் டிரியனின் வாயாலேயே சொல்லவைத்த தொடர், அதன் முடிச்சை அவிழ்க்காமலே விட்டது, அதனால் தப்பிக்க வழி கிடைத்தவன் ஏன் உயிரைப் பணயம் வைத்து மேலே ஏறுகிறான் என்பதற்கான காரணம் மெலிந்துபோயிற்று என்று எழுதினால், நாவலைத் தொடாதவரும் அதை ஏற்றுக்கொள்ள முடியும். இந்த ஓர் இழப்பை மட்டும் என்னால் இன்றுவரை மன்னிக்க இயலவில்லை.

உணர்வு கொதிக்கும் இடங்களில் இந்தத் துல்லியம் இன்னும் அவசியம். 2015 மே 17 அன்று ஆர்யாவின் அக்கா சான்சா ஸ்டார்க் ராம்சே போல்ட்டனுக்கு மணம் முடிக்கப்பட்டு வன்கொடுமைக்கு ஆளானபோது எழுந்த எதிர்ப்பு, தொடரின் வரலாற்றிலேயே கடுமையானவற்றுள் ஒன்று. தி மேரி சூ இதழ் இனி இந்தத் தொடரை முன்னிறுத்தப்போவதில்லை என்று அறிவித்தது. மிசௌரி மாநிலத்தின் அமெரிக்க செனட்டர் கிளேர் மெக்காஸ்கில் தான் பார்ப்பதை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். நாவலில் அந்த மணமகள் சான்சா அல்லள். ஆர்யா என்று பொய்யாகக் காட்டப்படும், சான்சாவின் தோழி ஜேன் பூல். பாத்திரங்களைச் சுருக்குவதற்காக அவ்விடத்தில் சான்சாவை வைத்தார்கள் என்பது விளங்கிக்கொள்ளக்கூடியதே. ஆனால் முந்தைய சீசனின் இறுதியில் தன் வாழ்வைத் தானே கையிலெடுக்கத் தொடங்கியவளாகக் காட்டிய ஒரு பெண்ணை மீண்டும் பலியாக்கி, அந்தக் காட்சியின் முடிவில் கேமராவை, அதைப் பார்க்கும்படி கட்டாயப்படுத்தப்பட்ட தியானின் முகத்தின் மேல் நிறுத்தி, அவளது துயரத்தை அவன் மனமாற்றத்துக்கான கருவியாக்கியது ஏன் என்று கேட்டவர்களின் எழுத்துதான் இன்றும் நிற்கிறது. அவர்கள் ஒரு காட்சியின் சட்டகம் வரை இறங்கிப் பேசினார்கள். கொடுமையைக் காட்டலாமா என்ற பொதுக் கேள்வியை விட, இங்கே யாருடைய பார்வையில் காட்டுகிறார்கள் என்ற குறிப்பான கேள்விக்கே படைப்பாளி பதில் சொல்லியாகவேண்டும்.

ஆறாவது சீசனிலிருந்து கதை பெருமளவு, 2011இல் வெளிவந்த ஐந்தாவது நாவலைத் தாண்டிச் சென்றுவிட்டது. அங்கே நாவலை அளவுகோலாக வைக்க வழியில்லை. ஸ்டார்க் குடும்பத்தின் பணியாள் ஹோடோரின் பெயருக்குப் பின்னிருக்கும் உண்மை மார்ட்டினிடமிருந்தே பெறப்பட்டது என்று படைப்பாளிகள் டேவிட் பெனியாஃபும் டி.பி. வைஸும் கூறினார்கள், ஆகவே பிடித்ததெல்லாம் மார்ட்டினுடையது, பிடிக்காததெல்லாம் இவர்களுடையது என்று பங்கு பிரிப்பது ஆதாரமற்ற பழக்கம். இனி தொடரைத் தொடரோடுதான் ஒப்பிடவேண்டும்.

அதற்குச் சிறந்த பயிற்சிக்களம், 2019 மே 12 அன்று வந்த எபிசோடில் டிராகன்களின் அரசி டெனேரிஸ் சரணடைந்த தலைநகரை எரித்தது. “அவள் அப்படிச் செய்யமாட்டாள்” என்பது ஒரு மறுப்பு. “செய்யலாம், ஆனால் அந்த நிலைக்கு அவள் வந்த பாதை காட்டப்படவில்லை” என்பது வேறொரு மறுப்பு. எது உங்களுடையது என்று அறிய, ஒரு தாளின் இருபுறமும் எழுதிப் பாருங்கள். ஒருபுறம்: முதல் சீசனில் சூனியக்காரி மிர்ரி மாஸ் தூரைச் சிதையில் கட்டி எரித்தது, நான்காவதில் அடிமைகளை வைத்திருந்த 163 எஜமானர்களைச் சிலுவையில் அறைந்தது, ஏழாவதில் டார்லி தந்தையையும் மகனையும் டிராகன் நெருப்புக்கு இரையாக்கியது. மறுபுறம்: அடிமைகளை விடுவித்தது, ஒரு குழந்தை எரிந்து இறந்ததை அறிந்து தன் பிள்ளைகளாகக் கருதிய டிராகன்களையே சங்கிலியில் பூட்டியது. இரண்டையும் பார்த்தால் முதல் மறுப்பு தளர்கிறது, இரண்டாவது வலுக்கிறது என்பது என் முடிவு. முதல் புறத்தில் உள்ளவை எதிரிகள் மீதான கொடுமைகள், சரணடைந்த பொதுமக்கள் மீதானவை அல்ல. அந்த இடைவெளியைக் கடக்கத் தேவையான காட்சிகளுக்கு, பத்து எபிசோடுகளிலிருந்து ஏழாகவும் ஆறாகவும் குறுகிய கடைசி இரு சீசன்களில் இடமே இல்லாமற்போயிற்று. நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம். தாளில் எழுதியவற்றைக் காட்டி வாதிட்டால் அதுவும் மதிக்கத்தக்கதே.

எண்ணிக்கையை வாதமாக்க வேண்டாம். எட்டாவது சீசனை மறுபடி எடுக்கக் கோரிய மனுவில் பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டார்கள். இறுதி எபிசோடை அமெரிக்காவில் அன்றிரவு சுமார் 1.93 கோடிப் பேர் பார்த்தார்கள். அதே சீசன் சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி விருதையும் பெற்றது. இவற்றுள் எதுவும் ஒரு காட்சி நன்றாக எழுதப்பட்டதா என்று சொல்லாது. சான்சாவாக நடித்த சோஃபி டர்னர், அந்த மனு பல மாதங்கள் உழைத்த குழுவினருக்கு அவமரியாதை என்றார். திரைக்கதை முடிவுகளை விமர்சிப்பவர் எழுதியவர்களை நோக்கிப் பேசவேண்டும். நடித்தவர்களின் பக்கத்தில் போய்த் திட்டுவது விமர்சனமாகாது.

மூல நூலாசிரியரே கருத்துச் சொல்லும்போது என்ன செய்வது? 2015இல் சர்ச்சை எழுந்தபோது மார்ட்டின், ‘கான் வித் த விண்ட்’ நாயகி ஸ்கார்லெட்டுக்கு எத்தனை குழந்தைகள் என்று கேட்டார்: நாவலில் மூவர், திரைப்படத்தில் ஒருவர். இரண்டும் வெவ்வேறு படைப்புகள் என்பது அவர் வாதம். 2024 செப்டம்பரில் இதன் முன்கதையான ‘ஹவுஸ் ஆஃப் த டிராகன்’ தொடரைப் பற்றி எழுதியபோது, ராணி ஹெலேனாவின் இளைய மகன் மேலோரை விட்டுவிட்டதை அவரே கடுமையாக விமர்சித்தார். அந்தப் பதிவு பின்னர் நீக்கப்பட்டது. நாவலில் கொலையாளிகள் இரு மகன்களுள் யார் சாகவேண்டும் என்று தாயையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். தொடரில் ஒரே மகன் என்பதால் அந்தக் கொடிய தெரிவு இல்லை. ஆசிரியர் சொன்னார் என்பதற்காக அதை இறுதித் தீர்ப்பாக மேற்கோள் காட்டாதீர்கள். அவர் சுட்டிய விளைவுச் சங்கிலியை எடுத்துச் சோதியுங்கள். மேலும், அத்தொடரின் மூலமான ‘ஃபயர் அண்ட் பிளட்’ (2018) ஒரு கற்பனை வரலாற்று நூல். விதூஷகன் மஷ்ரூம் ஒன்று சொல்வான், துறவி யூஸ்டஸ் அதை மறுப்பார். எனவே “நூலில் இப்படித்தான் நடந்தது” என்று எழுதுவதற்கு முன், அதைச் சொல்வது எந்தச் சாட்சி என்று பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, அவர் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.