சமாரியர் விளக்குகளைப் பார்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பண்டைய இஸ்ரவேலரின் வழிவந்தோராகத் தம்மைக் கருதும், யூதரிலிருந்து வேறான சமயத்தாராகிய சமாரியர்களின் பழைய சுடுமண் விளக்கொன்றை முதன்முதலாகக் காண்பவர்கள், மேற்புறத்தின் நடுவே விளிம்பு பிசிறிட்ட துளையைக் கண்டதும் விளக்கு உடைந்துவிட்டது என்றே முடிவு செய்கிறார்கள். இதைவிடப் பெரிய தவறு வேறில்லை. கி.பி. 3ஆம் நூற்றாண்டு தொட்டுச் அவர்கள் வாழ்ந்த சமாரியாப் பகுதியில் அச்சில் அழுத்திச் செய்யப்பட்ட இந்த மூடிய விளக்குகள் பலவற்றில், எண்ணெய் ஊற்றும் இடத்தைக் குயவர் திறக்காமல் மெல்லிய மண்தகடாகவே விட்டுச் சூளையில் சுட்டார். வாங்கியவர்தான் அதைத் தட்டி உடைத்துத் திறந்துகொண்டார். இறப்பு நேர்ந்த கூடாரத்தில் மூடப்படாமல் திறந்திருக்கும் பாத்திரம் தீட்டுப்படும் என்கிறது எண்ணாகமம் 19:15. எண்ணாகமமும் அடங்கிய மோசேயின் ஐந்து நூல்களான தோராவை மட்டுமே வேதமாகக் கொண்ட சமாரியர் இத்தகைய தூய்மை விதியைக் கருதியே துளையை மூடி வைத்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எண்ணுகிறார்கள். ஆகவே அந்தப் பிசிறைத் தேய்த்துச் சமன்செய்வது, வாங்கியவரின் கைத்தடத்தையே அழிப்பதாகும்.

ஏழு கிளைகள் கொண்ட விளக்குத்தண்டான மெனோரா பொறிக்கப்பட்டிருந்தால் விளக்கு யூதருடையது என்று உடனே சொல்லிவிடுவதும் பிழை. கெரிசீம் மலையைப் புனிதத் தலமாகக் கொண்ட சமாரியரும் மெனோராவையும் ஊதுகொம்பையும் தம் சின்னங்களாகவே போற்றினர். யூதக் கலையில் மெனோராவுக்கு அருகே அடிக்கடி வரும் பேரீச்சங்குருத்தும் எத்ரோக் எனும் நாரத்தை வகைக் கனியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சமாரியர் கலையில் இவை பொதுவாக இடம்பெறுவதில்லை. பந்தலிட்டுக் கொண்டாடும் கூடாரப் பண்டிகையில் யூதரைப் போல அவர்கள் இவற்றைக் கையில் ஏந்துவதில்லை, பந்தலின் கூரையாகவே அமைக்கிறார்கள். மனித, விலங்கு உருவங்களையும் அவர்கள் தவிர்த்தார்கள். அதனால் ஏணிப்படி போன்ற கோடுகளும் வடிவியல் கோலங்களுமே விளக்கின் தோள்பகுதியை நெருக்கமாக நிரப்புகின்றன. இவற்றை வெறும் இடநிரப்பு என்று ஒதுக்குவது எனக்கு வருத்தம் தருகிறது, ஏனெனில் அந்தக் குயவரின் கைத்திறன் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

சில விளக்குகளில் எழுத்தும் உண்டு. பண்டைய எபிரேய எழுத்திலிருந்து வந்த சமாரிய எழுத்தை, பழக்கமில்லாத கண் வெறும் கோலமாகக் கொண்டுவிடும்.

திரிமூக்கில் படிந்த கரியை அழுக்கென்று கழுவிவிடக் கூடாது. அந்த விளக்கு உண்மையிலேயே எரிந்தது என்பதற்கு அக்கரியே சான்று.